சைக்கிளைக் கண்டு துடித்த இதயம்!

ஜீப்புக்குள் போன் அலறியது...

இன்ஸ்பெக்டர் துள்ளி விழுந்தார். பாதி பிடித்திருந்த சிகரெட்டை ஜன்னல் வழியே விட்டெறிந்தார். புதினா மிட்டாய் ஒன்றை வாயில் திணித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, அப்புறம்தான் போனைக் காதில் வைத்தார்.

கொலைகாரர்களைக் கண்டு கலங்காத மனிதர். மனைவியின் நம்பரைக் கண்டால் மட்டும் கொஞ்சம்... கலங்குவார்.

"எங்க இருக்கீங்க?"

"டூட்டியில இருக்கேம்மா. திருட்டு கேஸ் ஒண்ணு. அரெஸ்ட் பண்ணப் போயிட்டிருக்கேன்."

"சிகரெட் பிடிச்சீங்களா?"

"நானா...? சேச்சே! அதை விட்டு எவ்வளவு நாளாச்சு!"

"குரல் கரகரங்குதே?"

"திருடனைத் துரத்திக்கிட்டு ஓடினேன்ல... அதான்!"

"ஜீப்பு சத்தம் கேக்குது. உட்கார்ந்துக்கிட்டே எப்படி ஓடினீங்க?"

அதோடு சிக்னல் போய்விட்டது. அதாவது, இன்ஸ்பெக்டரே போக வைத்தார்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பெண் போலீஸ் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உதட்டோரம் மட்டும் லேசாகத் துடித்தது.

"சிரிக்காதே! வண்டியை ஓரங்கட்டு. ஸ்டூடியோ வந்துடுச்சு."

மாடியில் நீளமான ஒரே அறை. அதன் ஒரு பாதியில் டர்பன்டைன் வாசனை, பிதுங்கிய பெயிண்ட் டியூப்கள், துடைத்துத் துடைத்து நிறம் மாறிப்போன துணிகள். மறுபாதியில் கம்ப்யூட்டர்கள், ஒயர்கள், குட்டி விசிறிகளின் இரைச்சல்.

நடுவில் ஒரு ஸ்டூலில் அவள்.

ஊரில் அவளுக்குப் பெயர் 'பல்ஸ்'. ஆளைப் பார்த்து வரைகிற ரகமில்லை. ஆளின் நாடித் துடிப்பைப் பார்த்து வரைகிறவள். மனோதத்துவம் படித்தாள். அதைக் கம்ப்யூட்டரோடு முடிச்சுப் போட்டாள். அதன் தலையில் எண்ணெய் வண்ணத்தைப் பூசினாள். பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின. இன்ஸ்பெக்டருக்கு மட்டும் ஒரு எழவும் புரிந்ததில்லை.

எதிரே ஆளுயரக் கான்வாஸ். அதன் மேல் துணி மூடியிருந்தது. ஒரு மூலையை மட்டும் தூக்கிக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் எதையோ தொட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். மீசையில கொஞ்சம் பாக்கி. உட்காருங்க."

"மீசையெல்லாம் அப்புறம்! உங்களைக் கைது பண்ண வந்திருக்கேன்."

பிரஷ் நின்றது.

"பச்சைக்கல் மாலை கேஸா?"

"அதேதான்! ஒரு கஸ்டமரம்மா பாலிஷ் போடறதுக்காக நகைக்கடை முதலாளிகிட்ட கொடுத்த பரம்பரை நகை. அவர் அதை வீட்டு பீரோவுல பூட்டி வச்சிருந்தார். படம் வரையறேன்னு நீங்க அந்த வீட்டுக்குப் போய் வந்தீங்க. நீங்க கடைசியா கிளம்பின பிறகு பார்த்தா, பீரோ திறந்து கிடக்கு! மாலையைக் காணோம்! வீட்டுல இருந்தது முதலாளி, அவர் சம்சாரம், நீங்க. வேற ஈ காக்கா உள்ளே வரலை."

"முதலாளியே எடுத்திருந்தா?"

"புகார் கொடுத்ததே அவர்தாம்மா!"

"ஓ... புகார் கொடுத்தா நல்லவரா?"

இன்ஸ்பெக்டருக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. குரல் நடுங்கியது.

"சார், என் கண்காட்சிக்குத் தேதி குறிச்சாச்சு. இப்ப விலங்கோட என் போட்டோ பேப்பர்ல வந்துச்சுன்னா என் கதை முடிஞ்சுது. நான் வீடு வீடாப் போய் வரையறவ. திருடின்னு பேர் வந்தா, அப்புறம் எந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்கும்? ஒரே ஒரு உதவி பண்ணுங்க. இந்தப் படத்தை அவர் வீட்டுல கொடுத்துடறேன். நீங்களும் கூட வாங்க. கொடுத்த கையோட விலங்கை மாட்டுங்க. ஏன்னு கேக்க மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் தாடையைத் தடவினார். மேஜை மேல் கிடந்த கறுப்புப் பட்டை ஒன்றைக் கையில் எடுத்தார். கைக்கடிகாரம் மாதிரி இருந்தது. கடிகாரம்தான் இல்லை.

"இது என்ன?"

"அதுதான் என் பிரஷ். அதை மணிக்கட்டுல கட்டினா இதயத் துடிப்பு என் லேப்டாப்புக்கு வந்துடும். முதல் நாள் போய் வீட்டுச் சாமானையெல்லாம் போட்டோ எடுப்பேன். குடை, கடிகாரம், குக்கர்... எதையும் விட மாட்டேன். அப்புறம் ஆளை ஹால்ல உட்கார வச்சு, பட்டையைக் கட்டிக்கச் சொல்லி, அந்தப் போட்டோக்களை டிவியில ஓட விடுவேன். எதைப் பார்த்து இதயம் எகிறுதோ, அதைப் பெருசா வரைவேன். எகிறலைன்னா, அது கோஹினூர் வைரமா இருந்தாலும் என் படத்துல இடம் கிடையாது."

"நீங்க கூடவே உட்கார்ந்து பார்ப்பீங்களாக்கும்?"

"மாட்டேன். எதிர்ல ஆள் இருந்தா இதயம்கூட நடிக்கும் சார். கதவைச் சாத்திட்டுப் பக்கத்து ரூம்ல உட்கார்ந்து, லேப்டாப்புல ஓடற கோட்டை மட்டும்தான் பார்ப்பேன்."

இன்ஸ்பெக்டர் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஒட்டுகிற இடத்தில் வெள்ளை முடிகள் சிக்கியிருந்தன. 'ஃபூ' என்று ஊதித் தள்ளிவிட்டு மேஜையில் போட்டார்.

"சரி, தொலையுது! படத்தைத் தூக்குங்க!"

நகைக்கடை முதலாளியின் ஹாலில் எல்லாமே பெரிது. டிவி பெரிது. சோபா பெரிது. முதலாளியும் பெரியவர்தான், குறுக்குவாட்டில். தலையில் பெயருக்குக்கூட ஒரு முடி இல்லை. அதற்கெல்லாம் சேர்த்து மீசை வைத்திருந்தார். சாயம் பூசிய மீசை கன்னங்கரேல் என்று மின்னியது.

சோபாவின் நடு இடத்தை வெள்ளை நாய் ஒன்று பிடித்திருந்தது. பெயர் பஞ்சு. அதன் வயிறு சோபாவில் பரவிக் கிடந்தது.

"கொஞ்சம் தள்ளுடா கண்ணா, போலீஸ் மாமா உட்காரட்டும்" என்றாள் முதலாளியம்மா. பஞ்சு அசையவில்லை.

"குண்டா இருக்கே!" என்றாள் பெண் போலீஸ்.

"அந்தக் கொடுமையை ஏம்மா கேக்கறே! பிஸ்கட்டே கொடுக்கக் கூடாதுன்னு நாய் டாக்டர் கண்டிஷனாச் சொல்லிட்டார். நானும் கண்ணுலயே காட்டறதில்லை. இளைக்கவே மாட்டேங்குது! நாள் முழுக்க என்கூட உட்கார்ந்து டிவி பார்க்குது. சீரியல் முடிஞ்சாதான் எழுந்திருக்கும்."

முதலாளி கையைப் பிசைந்தார். "இன்ஸ்பெக்டர், திருடியைப் பிடிச்சு உள்ளே போடுங்கன்னா, வீட்டுக்கே கூட்டிட்டு வந்திருக்கீங்க!"

"படத்தைக் கொடுத்துட்டு உள்ளே போறாங்களாம். ரெண்டு நிமிஷம்."

பல்ஸ் கான்வாஸைச் சுவரில் சாய்த்தாள். ஒயரைச் செருகினாள். துணியை உருவினாள்.

"வீல்ல்ல்ல்!"

கத்தியது முதலாளியம்மாதான்.

"படம் துடிக்குது...! மூச்சு விடுதுங்க...!"

உண்மைதான்! நடுவில் முதலாளியின் முகம், மீசையோடு. அந்த முகத்துக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் ஒன்று ஏறி ஏறி இறங்கியது. தட்தட்... தட்தட்... தட்தட்...

"கான்வாஸுக்குப் பின்னாடி மெல்லிசா ஒரு திரை இருக்கு. அன்னிக்குப் பதிவான துடிப்பு எந்த வேகமோ, அதே வேகத்துல படமும் துடிக்கும்" என்றாள் பல்ஸ்.

"ஏங்க... இவ்வளவு படபடன்னா அடிச்சுக்குது உங்களுக்கு? நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டணும்!"

முதலாளி மீசையை நீவிக்கொண்டார். மீசைக்குள் என்னவோ சிரிப்பு மாதிரி ஓடியது.

முதலாளியம்மா படத்துக்குக் கிட்டே போனாள். முகத்தைச் சுற்றிலும் சாமான்கள் மிதந்தன. சோபாவின் கால் ஒன்று. வாசல் காலிங்பெல். அப்புறம்...

"இது என் செருப்பு! ஏங்க, என் செருப்பைப் பார்த்தா உங்களுக்கு இதயம் துடிக்குதா?"

"ரொம்பவே!" என்றாள் பல்ஸ்.

பெண் போலீஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

"நம்ம கல்யாண போட்டோ எங்கே? அதைக் காட்டலையாம்மா?"

"காட்டினேங்க. ஒரு துளிகூட ஏறலை."

முதலாளியம்மா புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஆளுங்க கிளம்பட்டும்..." என்றாள் முதலாளியம்மா. "அப்புறம் இருக்கு உங்களுக்கு!"

இன்ஸ்பெக்டரின் கண் அதற்குள் படத்தின் உச்சிக்குப் போயிருந்தது. முதலாளியின் தலையை விடப் பெரிதாக, ராட்சசத்தனமாக, உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று. ஹேண்டில்பாரில் துண்டு காய்ந்தது.

"இது எதுக்கு?"

"அதுக்குத்தான் எல்லாத்தையும் விட அதிகமா எகிறிச்சு சார். கோடு ஸ்கிரீனைத் தாண்டிப் போயிடுச்சு."

"அது டாக்டர் ஓட்டச் சொல்லி வாங்கினது" என்றாள் முதலாளியம்மா. "தினம் காலையில ரூமைச் சாத்திக்கிட்டு ஓட்டறாராம். பஞ்சு மாதிரியே இவரும் இளைக்க மாட்டேங்கிறார்."

இன்ஸ்பெக்டர் மெதுவாக முதலாளி பக்கம் திரும்பினார். போலீஸ் மூளை லேட்டாகத்தான் கிளம்பும். கிளம்பிவிட்டால் பிரேக் கிடையாது.

"முதலாளி... மாலை தொலைஞ்ச வீட்டுல, வீட்டுக்காரர் இதயம் ஒரு சைக்கிளைப் பார்த்து எகிறுது. காரணம் என்னன்னு நீங்களே சொல்லிடறீங்களா?"

முதலாளி சிரித்தார்... சத்தமாக, வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்!

"ஐயோ இன்ஸ்பெக்டர்! அது என் இதயமே இல்லை!"

"என்னது?"

"அந்தப் பட்டையை நான் கட்டவே இல்லை! இவங்க கதவைச் சாத்திட்டுப் போனதும் கழட்டி, பஞ்சு காலுல கட்டிட்டேன்! சும்மா ஒரு தமாஷ்! இத்தனை நேரம் நீங்க பார்த்தது என் மனசு இல்லை... நாயோட மனசு!"

இன்ஸ்பெக்டரின் வாய் பிளந்தது. அப்புறம் அவருக்கும் சிரிப்பு பீறிட்டது. முதலாளியம்மாவும் சிரித்தாள், கல்யாண போட்டோ விஷயத்தில் புருஷன் தப்பித்த நிம்மதியோடு.

பல்ஸின் முகம் மட்டும் விழுந்துவிட்டது.

"பத்திரிகைக்காரங்க கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பாங்க!" என்றார் முதலாளி. "பெரிய மனோதத்துவ ஓவியராம்! நாய்க்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் தெரியலை!"

"விலங்கை எடும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெண் போலீஸ் எடுத்தாள். பல்ஸ் இரண்டு கைகளையும் நீட்டினாள். நீட்டியபடியே கேட்டாள்:

"கட்டியிருந்தது நாய்தான்னு உறுதியாச் சொல்றீங்களா?"

"சத்தியமா!"

"அந்த நேரத்துல ஹால்ல நீங்களும் பஞ்சுவும் மட்டும்தான்?"

"ஆமான்னா ஆமா! எத்தனை தடவை சொல்றது?"

"அப்ப ஒரே ஒரு சந்தேகம். செருப்பு... கடிக்கிறதுக்கு. சோபா கால்... அதுவும் கடிக்கிறதுக்கு. காலிங்பெல்... குலைக்கிறதுக்கு. எல்லாம் சரி." அவள் படத்தின் உச்சியைப் பார்த்தாள். "ஒரு நாய்க்கு எக்சர்சைஸ் சைக்கிளைப் பார்த்து எதுக்குங்க எகிறணும்?"

சிரிப்பு நின்றது.

இன்ஸ்பெக்டரின் புதினா மிட்டாய் பல்லுக்கிடையில் 'கடக்' என்று உடைந்தது.

"நா... நாய்க்கு என்னத்தைத் தெரியும்!" என்றார் முதலாளி. மொட்டைத் தலையில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது.

"கேட்டுப் பார்த்துடலாம் சார்" என்றாள் பெண் போலீஸ்.

"யாரை?"

"நாயை."

பல்ஸின் லேப்டாப் டிவியோடு இணைந்தது. படங்கள் ஓடின. குடை... பஞ்சு கொட்டாவி விட்டது. கடிகாரம்... கண்ணை மூடியது. குக்கர்... குறட்டை!

சைக்கிள்!

பஞ்சுவின் காதுகள் நிமிர்ந்தன. சோபாவிலிருந்து 'தொப்'பென்று குதித்தது. அந்த வயிற்றை வைத்துக்கொண்டு அப்படி ஓடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை! உள்ளறைக் கதவை மூக்கால் தள்ளித் திறந்து, சைக்கிளின் வலது கைப்பிடிக்குக் கீழே போய்ச் சமர்த்தாக உட்கார்ந்தது. நாக்கு தொங்கியது. வால் தரையைப் பெருக்கியது.

பின்னாலேயே எல்லோரும் ஓடினார்கள்.

பஞ்சு திரும்பிப் பார்த்தது.

முதலாளியம்மாவைப் பார்த்தது. அவளைத் தாண்டியது. இன்ஸ்பெக்டரைத் தாண்டியது. நேராக முதலாளியிடம் போய், முன்னங்கால்களை அவர் தொடையில் போட்டு, மூக்கை அவருடைய வலது பாக்கெட்டுக்குள் விட்டது.

கரக்... முரக்...

"பிஸ்கட்டா...?!" முதலாளியம்மா போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. "பிஸ்கட் போட்டது நீங்களா...?!"

இன்ஸ்பெக்டர் துண்டை விலக்கினார். வலது கைப்பிடியின் ரப்பர் உறையைத் திருகி இழுத்தார். உள்ளே குழாய். குழாய்க்குள் சாக்ஸ். சாக்ஸுக்குள்...

பச்சைப்பசேல் என்று மின்னியது மாலை!

முதலாளி சைக்கிள் சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். அநேகமாக அதில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இந்தம்மாவைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே இதுல ஒளிச்சுட்டேன்... தினமும் காலையில... மாலை இருக்கான்னு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன்... பஞ்சுவை வெளியே விட்டா கதவைப் பிறாண்டிக் குலைக்கும். உள்ளே விட்டு, வாயை அடைக்க ஒரு பிஸ்கட்..."

"எதுக்குய்யா இந்த வேலை?"

"அந்தக் கல்லு மாதிரி நான் பார்த்ததே இல்லை சார். திருப்பிக் கொடுக்க மனசு வரலை. இன்சூரன்ஸ்காரங்க அந்தம்மாவுக்கு ஈடு கட்டிடுவாங்க. யாருக்கும் நஷ்டமில்லைன்னு நெனச்சேன்..."

"எனக்கு?" என்றாள் பல்ஸ்.

முதலாளி தலையைத் தொங்கப் போட்டார்.

"பழி போடறதுக்கு வெளியாள் ஒருத்தர் வீட்டுக்குள்ள வரணும். அதுக்குத்தானே என்னைப் படம் வரையக் கூப்பிட்டீங்க?" அவள் கண்கள் கலங்கின. "என் படம் பிடிச்சுதான் கூப்பிட்டீங்கன்னு ஆசையா வந்தேன்!"

"மன்னிச்சுடும்மா. உன்னைக் கூப்பிட்ட பிறகுதான், உன் மெஷின் மனசுல இருக்கறதைப் படம் போட்டுடும்னு சொன்னாங்க. பயந்துபோய்த்தான் நாய்க்குக் கட்டினேன்..."

என்ன செய்வது! அந்த ரகசியம் தெரிந்த உயிர்கள் அந்த வீட்டில் இரண்டே இரண்டு. ஒன்று வாய் திறக்கக் கூடாது என்று, இன்னொன்றுக்கு மைக்கைக் கொடுத்துவிட்டார் மனிதர்!

விலங்கு முதலாளியின் கையில் ஏறியது. முதலாளியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாலைக்கு கோர்ட்டு பதில் சொல்லட்டும். ஜாமீன்ல வருவீங்க இல்லே... பிஸ்கட்டுக்கு நான் பதில் சொல்றேன்!"

வாசலில் ஜீப். பின்சீட்டில் முதலாளி. பெண் போலீஸ் இன்ஜினைக் கிளப்பினாள். படத்தைத் தூக்கிக்கொண்டு வந்த பல்ஸை இன்ஸ்பெக்டர் நிறுத்தினார்.

"மன்னிச்சுக்கம்மா. தப்பான ஆளைப் பிடிச்சு மாட்டப் பார்த்தேன். ஆனா நாய்னு தெரிஞ்சதும் உங்க முகம் விழுந்துபோச்சு. அப்புறம் எப்படிச் சட்டுனு அந்தக் கேள்வி வந்துச்சு?"

"விழலை சார். விழ வச்சேன்."

"என்னது?"

"பட்டையைக் கழட்டி வாங்கின அன்னிக்கே எனக்கு நாய்னு தெரியும். பட்டையில வெள்ளை முடி இருந்தது. அவருக்குத் தலையில முடியே கிடையாது. மீசை கறுப்பு. நீங்ககூட அந்த முடியை..."

"ஊதித் தள்ளினேன்" என்றார் இன்ஸ்பெக்டர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "அது போகட்டும்."

"அதுவும் இல்லாம, கல்யாண போட்டோவைப் பார்த்து இதயம் அசையவே இல்லைன்னா அது புருஷனா இருக்க முடியாது சார். பயத்துலயாவது ஏறும்!"

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"நாய் சாட்சி சொல்லுதுன்னா? விலங்கை விட்டுட்டு என்னை வேற வண்டியில ஏத்தியிருப்பீங்க! பட்டை நாய்க்குப் போனதை அவர் வாயாலேயே சொல்லணும். சைக்கிளை அவர் தலையில வரைஞ்சா, தப்பிக்கறதுக்காகத் தானே கக்குவார்னு நெனச்சேன். கக்கினார்."

"கக்காம இருந்திருந்தா?"

"இப்ப பின்சீட்டுல நான் இருப்பேன்." சொல்லும்போது அவள் குரல் லேசாக நடுங்கியது. அப்புறம் சிரித்தாள். "படம் கண்காட்சிக்குப் போகுது. மீசையை அழிச்சுட்டு ரெண்டு காது வச்சாப் போதும்."

இன்ஸ்பெக்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே போன் அலறியது. பதற்றத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார்.

"என்னங்க, அரெஸ்ட் ஆச்சா? பக்கத்துல யாரோ பொண்ணு சிரிக்குது?"

"ஓ... ஓவியர்மா! பல்ஸ்னு..."

"அந்தப் பல்ஸா? மனசுல ஒளிச்சு வச்சிருக்கறதை எல்லாம் வரைஞ்சுடுவாங்களாமே! ஏங்க, அவங்ககிட்ட உங்களை ஒரு படம் வரையச் சொல்லுங்களேன். நானும் கூட வந்து பார்க்கறேன்!"

"தாராளமா வாங்கக்கா!" என்றாள் பல்ஸ், போனுக்குக் கேட்கிற மாதிரி. பையிலிருந்து கறுப்புப் பட்டையை எடுத்து விரித்தாள். "உங்க சட்டைப் பையில இருக்கிற தீப்பெட்டியிலேர்ந்தே ஆரம்பிக்கலாமா சார்?"

இன்ஸ்பெக்டர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா... எங்க வீட்டுல நாய் கிடையாது!"